லியேஜிலிருந்து ஜெனீவா வரை: இடலெட் அம்மையாரின் கதை



ஜெனீவா என்றால் எங்கட சனத்துக்கு முதலில் நினைவுக்கு வருவது ஐ.நா. முன்றல்தான். விடியற்காலையில் பஸ் பிடித்து, பதாகை தூக்கி, குளிரில் நின்று கத்திவிட்டு, இரவோடு இரவாகத் திரும்பி வந்து அடுத்த நாள் காலைவேலைக்குப் போனவர்கள் எங்களில் கனபேர். நானும் அப்படித்தான். ஒருமுறை ஊர்வலம் முடிந்து ரயிலுக்கு இரண்டு மணித்தியாலம் இருந்தபடியால் பஸ்தியோன் பூங்காவுக்குள் நடந்து போனேன். அங்கே ஒரு நீண்ட கற்சுவர். அதிலே ஐந்து மீற்றர் உயரத்தில் நாலு பெரிய கல் மனிதர்கள் நிற்கிறார்கள். பாரெல், கல்வின், பேசா, நொக்ஸ். புரட்டஸ்தாந்து சமயத்தைக் கட்டி எழுப்பியவர்கள். நான் சைவக்காரன். வேதக்காரருடைய பழைய சண்டைகள் எனக்கு அவ்வளவாக விளங்குவதில்லை. ஆனால் அந்த நாலு பேரில் ஒருவரும் ஜெனீவாவில் பிறந்தவர் இல்லை என்று அறிந்தபோது கொஞ்சம் ஆச்சரியமாய் இருந்தது. எல்லாரும் வெளியிலிருந்து வந்தவர்கள். அதிலும் கல்வின் பிரான்சிலிருந்து ஓடி வந்த அகதி.

கல்வினைப் பற்றி வாசிக்கப் போய்த்தான் அவருடைய மனைவியைப் பற்றி அறிந்தேன். அந்தச் சுவரில் அவருக்கு இடமில்லை. அவர் கையால் எழுதிய கடிதம் ஒன்றும் மிஞ்சவில்லை. கல்வினும் அவருடைய சிநேகிதர்களும் எழுதிய கடிதங்களில் அங்கொன்று இங்கொன்றாக வருகிறார். ஆனாலும் எங்கட பெண்கள் வாசிக்க வேண்டிய கதை அது. ஆண்களும்தான்.

அவர் பெயர் இடலெட் டி பூர். இன்றைய பெல்ஜியத்தில் உள்ள லியேஜ் நகரத்துப் பெண். 1500களின் முதல் பத்தாண்டில் பிறந்தவர். லியேஜ் அப்போது ஒரு ஆயரின் ஆட்சியில் இருந்தது. அதாவது ராசாவும் அவர்தான், மேற்றிராணியாரும் அவர்தான். அப்படியான ஊரில் வேறு விதமாகக் கடவுளைக் கும்பிட்டால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 1533இல் அங்கே மதக் குற்றத்துக்காகச் சொத்துப் பறிக்கப்பட்டு நாடு கடத்தப்பட்டவர்களில் டி பூர் குடும்பத்து ஆளும் இருந்தார். ஆகவே இடலெட்டுக்கு ஊரை விட்டுப் போவது என்பது கலியாணத்துக்குப் பிறகு வந்த புதினம் இல்லை. சொந்த வீட்டிலேயே கண்டது.

அவர் கைப்பிடித்தவர் ஜோன் ஸ்தோர்தேர் என்பவர். தொழில் கடைசல். மரத்தைச் சுழலவிட்டு உளி பிடித்துக் கதிரைக் கால், கிண்ணம், கைபிடி என்று கடைந்து எடுக்கிற வேலை. நானும் தொழிற்சாலையில் லேத் மெஷினில்தான் நிற்கிறேன். அதனால் அந்த மனிதனில் எனக்கு ஒரு தனிப் பிரியம். கைத்தொழில் உள்ளவன் எந்த ஊருக்குப் போனாலும் சீவிக்கலாம் என்று ஊரில் பெரியவர்கள் சொல்வார்கள். ஸ்தோர்தேருக்கு அந்தத் தொழில் உண்மையாகவே தேவைப்பட்டது. ஏனென்றால் புருசனும் பெண்சாதியும் மறுஞானஸ்நானக்காரர் கூட்டத்தில் சேர்ந்திருந்தார்கள்.

இந்தக் கூட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏனென்றால் இது எங்கட சுவிஸ் நாட்டிலேயே தொடங்கியது. 1525இல் சூரிச்சில் சிலர் கூடி, பால்குடிப் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில் அர்த்தம் இல்லை, வளர்ந்து விளங்கி விரும்பிக் கேட்பவனுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்றார்கள். சத்தியம் செய்ய மாட்டோம், வாள் எடுக்க மாட்டோம் என்றும் அவர்களில் பலர் சொன்னார்கள். கேட்டால் சின்ன விசயம் போல இருக்கும். ஆனால் அந்தக் காலத்தில் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதுதான் பிறப்புப் பதிவு. அதை மறுத்தால் அரசையே மறுத்தது போல. கத்தோலிக்கரும் அவர்களைக் கலைத்தார்கள், புரட்டஸ்தாந்துக்காரரும் கலைத்தார்கள். 1527 சனவரி 5ஆந் திகதி பீலிக்ஸ் மான்ஸ் என்பவரைச் சூரிச்சில் லிமாற் ஆற்றில் கைகால் கட்டித் தாழ்த்திக் கொன்றார்கள். கொன்றது புரட்டஸ்தாந்து நகரசபை. அந்த இடத்தில் ஆற்றோரமாக 2004இல் ஒரு நினைவுக்கல் பதித்திருக்கிறார்கள். சூரிச்சில் இருப்பவர்கள் போய்ப் பார்க்கலாம். 1529இல் ஜேர்மன் பேரரசு முழுவதற்கும் சட்டம் வந்தது: மறுஞானஸ்நானம் பெற்றவருக்கு மரணதண்டனை. பின்னாளில் மென்னோ சிமோன்ஸ் என்ற பிரீஸ்லாந்துக் குருவானவர், 1536இல் தன் கத்தோலிக்கப் பதவியை விட்டு வந்து, சிதறிக் கிடந்த இந்தச் சனத்தைச் சேர்த்தெடுத்தார். அவர் பெயரால்தான் மென்னோனைற் என்று இன்றைக்கும் அழைக்கிறார்கள். எம்மென்ராலில் லங்நவ் பக்கத்திலும் யூரா மலைகளிலும் அவர்களுடைய சபைகள் இன்றும் இருக்கின்றன.

இடலெட்டும் புருசனும் பிள்ளைகள் இரண்டும் போய்ச் சேர்ந்தது ஸ்ட்ராஸ்பூர்க். ரைன் ஆற்றங்கரையில் உள்ள அந்தச் சுதந்திர நகரம் மற்ற ஊர்களைவிட இளகிய மனம் உள்ளது. அகதிகள் நாலா பக்கத்திலிருந்தும் வந்து இறங்கினார்கள். ஆனாலும் 1534-35இல் மூன்ஸ்டர் என்ற ஊரைச் சில மறுஞானஸ்நானக்காரர் ஆயுதத்தால் பிடித்துப் பெரிய அழிவு நடந்த பிறகு, அந்தப் பெயர் உள்ள எல்லாரையும் எல்லா ஊரிலும் சந்தேகக் கண்ணோடு பார்த்தார்கள். வாள் எடுக்க மாட்டேன் என்றவனும் அதே பட்டியலில்தான். யாரோ ஒருவன் செய்ததுக்கு அந்தப் பெயர் உள்ள அத்தனை பேரும் பதில் சொல்ல வேண்டிய நிலைமை எங்களுக்குப் புதிதல்ல.

1537 மார்ச்சில் ஸ்தோர்தேர் ஜெனீவாவுக்குப் போனார். வேறொரு தோழரோடு போய் அங்குள்ள போதகர்களோடு வாதாடினார். போதகர்களில் ஒருவர் இளம் வயதுக் கல்வின். வாதம் முடிந்ததும் நகரசபை இவர்களை ஊரை விட்டுத் துரத்திவிட்டது. திரும்பி வரக்கூடாது என்று கட்டளை.

ஒரு வருசம் கழித்து என்ன நடந்தது தெரியுமோ? 1538 ஏப்ரிலில் அதே நகரசபை கல்வினையும் பாரெலையும் துரத்தியது. சபை ஒழுங்கு விசயத்தில் நகரசபையோடு பிணக்கு. மூன்று நாள் தவணை. ஒருவரைத் துரத்தும்போது பக்கத்தில் நின்றவர் அடுத்த வருசம் தானே மூட்டை கட்டினார்.

கல்வின் 1538 செப்டெம்பரில் ஸ்ட்ராஸ்பூர்க் வந்து சேர்ந்தார். அங்கே பிரெஞ்சு பேசும் அகதிகள் சில நூறு பேர் இருந்தார்கள். அவர்களுக்குப் போதகர் இல்லை. மார்ட்டின் பூசர் என்ற பெரிய போதகர் கல்வினைப் பிடித்து அந்த வேலையில் அமர்த்தினார். முதல் மாதங்களில் சம்பளம் இல்லை. பிறகு கிழமைக்கு ஒரு புளோரின். புத்தகங்களை விற்றும் வீட்டில் ஆட்களை வைத்துச் சாப்பாடு போட்டும் சமாளித்தார். 1539 யூலையில் நகரக் குடியுரிமை எடுத்தபோது, ஏதாவது ஒரு தொழிற்சங்கத்தில் பதிந்தாக வேண்டும் என்பதால், தையற்காரர் சங்கத்தில் பெயர் எழுதினார். ஊசி பிடித்த கை இல்லை அது. கடதாசியில் மட்டும் தையற்காரர். இஞ்சையும் எங்களில் எத்தனை ஆசிரியர்களும் லிகிதர்களும் கடதாசியில் சமையற்காரர் ஆனார்கள்!

அந்தச் சின்ன அகதிச் சபைக்கு ஸ்தோர்தேர் குடும்பம் வரத் தொடங்கியது. ஜெனீவாவில் எதிரெதிரே நின்றவர்கள் இப்போது ஒரே ஊரில், ஒரே மொழியில், ஒரே நிலைமையில். பேச்சு நடந்தது, வீட்டுக்குப் போய் வந்தார்கள். கடைசியில் புருசனும் பெண்சாதியும் பழைய கூட்டத்தை விட்டுக் கல்வினுடைய சபையில் சேர்ந்தார்கள். மென்னோனைற் மக்கள் இதை ஒரு இழப்பாகப் பார்க்கலாம். பலன் எதிர்பார்த்துப் போனார்கள் என்று நான் நினைக்கவில்லை. கிழமைக்கு ஒரு புளோரின் வாங்கும் போதகரிடம் ஒரு கடைசல்காரருக்கு என்ன பலன் கிடைக்கும்? தாய்மொழியில் பாட்டுப் பாடவும் பிரசங்கம் கேட்கவும் அந்த ஊரில் அந்த ஒரு இடந்தான் இருந்தது. 1539இல் கல்வின் அந்தச் சபைக்காகப் பிரெஞ்சு மொழியில் சங்கீதப் புத்தகம் ஒன்றை அச்சிட்டார். அந்நிய ஊரில் எல்லாரும் சேர்ந்து சொந்த மொழியில் பாடும்போது மனம் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும்.

1540இல் கொள்ளைநோய் வந்தது. ஸ்தோர்தேர் செத்துப் போனார். இடலெட்டுக்கு வயது முப்பதை ஒட்டி. கையில் ஒரு பொடியனும் யூடித் என்ற மகளும். லியேஜுக்குத் திரும்ப முடியாது.

இந்த நேரத்தில் கல்வினுக்குச் சிநேகிதர்கள் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கதை எங்கட ஊர்ச் சம்பந்தப் பேச்சுப் போலவே இருக்கிறது. அவர் கேட்டது அழகை இல்லை. அடக்கம், பொறுமை, சிக்கனம், வருத்தக்காரரான தன்னைப் பார்த்துக்கொள்ளும் அக்கறை, இவ்வளவுதான். முதலில் ஒரு பெரிய இடத்துப் பெண் பேசி வந்தது. நல்ல சீதனம். ஆனால் பிரெஞ்சு தெரியாது. சீதனம் கூடினால் பெண் தன்னை மதிக்க மாட்டாள் என்று கல்வினுக்குப் பயம். பிரெஞ்சு படித்தால் பார்க்கலாம் என்று நிபந்தனை போட்டுத் தப்பினார். வேறொரு பேச்சும் சரிவரவில்லை. இனி எனக்குக் கலியாணமே வேண்டாம் என்கிற நிலைக்கு வந்துவிட்டார். அப்போதுதான் பூசர் இடலெட்டைக் காட்டினார். கண்ணுக்கு முன்னே ஒவ்வொரு ஞாயிறும் சபையில் இருந்த பெண். சீதனம் ஒரு சதம் இல்லை, பிள்ளைகள் இரண்டு, அதோடு பழைய மறுஞானஸ்நானக்காரி. 1540 ஓகஸ்டில் கலியாணம் நடந்தது. விதவையைக் கட்டினால் ஊர் என்ன சொல்லும் என்று பார்க்கிற எங்கட ஆட்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று வாசிக்க வேண்டும். நானூற்று எண்பது வருசத்துக்கு முந்திய சங்கதி இது.

கலியாணம் முடிந்த சில நாட்களிலேயே மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் சேர்ந்தே காய்ச்சல். வாடகை வீட்டில் சாப்பாட்டுக்கு இருந்தவர்கள் வேறு. அதில் ஒரு மனுசியின் வாய் பொறுக்காமல் கல்வினுடைய தம்பி அந்துவான் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டே வெளிக்கிட்டார். ஒரு குசினியை நாலு குடும்பம் பாவித்த காலத்தை மறக்காதவர்களுக்கு இது விளங்கும்.

பிறகு புருசன் வீட்டில் தங்கவே இல்லை. 1540 கடைசியில் வோர்ம்ஸ் நகரத்தில் சமயப் பேச்சுவார்த்தை. 1541இல் ரேகன்ஸ்பூர்க்கில் மாதக் கணக்காக இன்னொன்று. அந்த நேரம் ஸ்ட்ராஸ்பூர்க்கில் மீண்டும் கொள்ளைநோய். வீட்டில் இருந்தவர்களில் கிளோட் பெரே என்ற ஆசிரியர் செத்தார். அங்கு தங்கிப் படித்த ஒரு பொடியனும் செத்தான். முதல் புருசனைக் கொண்டுபோன அதே நோய், ஒரு வருசத்துக்குள் அதே வாசலில். இடலெட் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே தன் சகோதரன் வீட்டுக்குப் போனார். கல்வின் தூரத்தில் இருந்தபடி இரவும் பகலும் மனைவியை நினைத்துத் தவித்ததைச் சிநேகிதருக்கு எழுதியிருக்கிறார். ரெலிபோன் இல்லாத காலம். உயிரோடு இருக்கிறார்களா என்று அறியவே கிழமைகள் ஆகும்.

இதற்கிடையில் ஜெனீவாவுக்குப் புத்தி வந்தது. கல்வின் இல்லாமல் சபை குழம்பிப்போக, 1540 இறுதியிலேயே திரும்பி வரும்படி ஆள் அனுப்பினார்கள். அவர் வர விரும்பவில்லை. அந்த ஊரை நினைத்தாலே நடுக்கம் என்றுதான் இருந்தார். கடைசியில் 1541 செப்டெம்பர் 13ஆந் திகதி தனியே போய்ச் சேர்ந்தார். உடனேயே நகரசபை வண்டியும் குதிரைகளும் கொடுத்து, மனைவியையும் வீட்டுச் சாமான்களையும் ஸ்ட்ராஸ்பூர்க்கிலிருந்து ஏற்றி வரத் தீர்மானம் போட்டது.

இந்த இடத்தில்தான் நான் புத்தகத்தை மூடிவைத்துக் கொஞ்ச நேரம் யோசித்தேன். நாலரை வருசத்துக்கு முன் அந்தப் பெண்ணின் முதல் புருசனைத் துரத்திய சபை. மூன்றரை வருசத்துக்கு முன் இரண்டாவது புருசனைத் துரத்திய சபை. இப்போது அதே சபை அரச செலவில் வண்டி அனுப்பி அவரை அழைக்கிறது. வண்டியில் முதல் புருசனின் மகள் யூடித்தும் வந்தாள். நகர வாசலைத் தாண்டும்போது இடலெட் என்ன நினைத்திருப்பார்!

கொடுத்த வீடு சென் பியேர் பேராலயத்துக்குப் பக்கத்தில், அப்போது கனன்கள் வீதி என்ற தெருவில். தளபாடமும் நகரசபையினுடையதுதான். சம்பளம் வருசத்துக்கு 500 புளோரினும் கோதுமையும் திராட்சை ரசமும். ஸ்ட்ராஸ்பூர்க்கோடு பார்த்தால் வசதிதான். ஆனால் அந்த வீட்டில் எத்தனை வாய்! அந்துவானும் குடும்பமும், கல்வினுடைய சகோதரி மரி, வந்து போகும் போதகர்கள், தங்கிப் படிப்பவர்கள், எல்லைக்கு அப்பால் இருந்து உடுத்த உடுப்போடு வந்து கதவைத் தட்டும் அகதிகள். 1545இல் பிரான்சின் தெற்கே வல்தேன்சிய மக்களின் கிராமங்களை அரச படை எரித்து வெட்டிச் சாய்த்தபோது, தப்பியவர்கள் ஜெனீவாவுக்கும் வந்தார்கள். அந்த ஆண்டுகளில்தான் பிரெஞ்சு அகதிகளுக்கென்று தனி உதவி நிதி ஒன்றும் அங்கே தொடங்கியது. எங்கட சங்கங்களுக்கு அது மூத்த அண்ணன் என்று சொல்லலாம்.

1542 யூலை 28ஆந் திகதி இடலெட்டுக்கு ஒரு ஆண்பிள்ளை குறைமாதத்தில் பிறந்தது. ஜாக் என்று பெயர் வைத்தார்கள். தாயும் சாகக் கிடந்தார். தாய் தப்பினார், பிள்ளை அடுத்த மாதம் தாண்டவில்லை. அதுக்குப் பிறகு பிறந்ததும் தங்கவில்லை என்றே பெரும்பாலான வரலாறுகள் சொல்கின்றன. அவருடைய உடம்பு அந்தப் பிரசவத்தோடு விழுந்துபோனது. மீதி ஆறேழு வருசமும் காய்ச்சலும் படுக்கையுமாகவே அவரைக் காண்கிறோம். கல்வினுக்குப் பிள்ளை இல்லாததைக் கடவுளின் தண்டனை போல எதிரிகள் பேசினார்கள். முன்பு அதே வீட்டில் தங்கியிருந்த ஒரு சட்ட அறிஞரே, இடலெட் செத்துக் கனகாலத்துக்குப் பிறகு, கல்வினுக்குப் பிள்ளை இல்லை என்று புத்தகத்தில் குத்திக் காட்டினார். தனக்குக் கிறிஸ்தவ உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கில் பிள்ளைகள் உண்டு என்ற கருத்தில் கல்வின் பதில் கொடுத்தார். ஆண் அப்படிப் பதில் எழுதிப்போடலாம். தொட்டிலைப் பார்த்துக்கொண்டு இருந்த தாய்க்கு அந்தப் பதில் உதவியிருக்காது.

ஊரிலும் நிம்மதி இல்லை. 1542 தொடக்கம் 1545 வரை அங்கும் கொள்ளைநோய். கல்வினுடைய கண்டிப்புப் பிடிக்காத பழைய ஜெனீவாக் குடும்பங்கள், பிரான்சிலிருந்து வந்தவர்கள் எங்களை ஆளுகிறார்கள் என்று புகைந்தார்கள். தெருநாய்க்குக் கல்வின் என்று பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள். 1547இல் பேராலயப் பிரசங்க மேடையிலேயே மிரட்டல் கடிதம் ஒட்டினார்கள். ஒன்றை மறக்கக்கூடாது. கல்வின் அந்த ஊரில் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், அவருக்கு ஜெனீவாக் குடியுரிமை கிடைத்தது 1559 டிசெம்பர் 25ஆந் திகதி. அப்போது இடலெட் செத்துப் பத்து வருசம். அந்த மனுசி கடைசிவரை வெளியூர்க்காரியாகவே அங்கே வாழ்ந்தார். கையில் பி பேர்மிற்றோ சி பேர்மிற்றோ என்று நாங்கள் ஒருவரை ஒருவர் விசாரிக்கிற மாதிரி அவரை யாரும் விசாரித்தார்களோ என்னவோ.

1544இல் கல்வின் மறுஞானஸ்நானக்காரருக்கு எதிராக ஒரு புத்தகம் எழுதி அச்சிட்டார். வார்த்தைகள் கடுமையானவை. அதை எழுதிய வீட்டில்தான் ஒரு காலத்தில் அந்த விசுவாசத்துக்காக ஊரை இழந்த பெண் சமைத்துக்கொண்டிருந்தார். அதே விசுவாசத்துக்காகத் துரத்தப்பட்டவரின் மகள் அந்த மேசையில்தான் சாப்பிட்டாள். கல்வினில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இந்த இடத்தில் அவரோடு எனக்கு மனத்தாங்கல். தன் சனமே கலைபட்டதை அறிந்தவர், கலைபட்ட இன்னொரு சனத்தைப் பற்றி எழுதும்போது மைக்கூட்டில் கொஞ்சம் தண்ணீர் கலந்திருக்கலாம்.

உடம்பு சுகமில்லாத நாளிலும் இடலெட் சும்மா இருக்கவில்லை. லவுசானில் போதகராக இருந்த பியேர் விரே குடும்பத்துக்கும் இவர்களுக்கும் உடன்பிறப்புப் போல. விரேயின் மனைவிக்குப் பிள்ளைப்பேறு நேரம் என்று இடலெட் அங்கே துணைக்குப் போனார். உதவி செய்யப் போனவர் தானே வருத்தமாய் விழுந்து, மற்றவர்கள் அவரைப் பார்க்க வேண்டி வந்தது. கல்வின் அதுக்காக வெட்கப்பட்டு விரேக்கு எழுதினார். வெட்கப்பட என்ன இருக்கு? ஏலாத உடம்போடு வண்டியேறிப் போன மனதைத்தான் பார்க்க வேணும்.

1549 மார்ச் மாதம் இனித் தப்ப மாட்டார் என்று தெரிந்துவிட்டது. பெனுவா தெக்ஸ்தோர் என்ற வைத்தியர் தன்னால் ஆனதெல்லாம் செய்தார். பக்கத்தில் இருந்தவர்களுக்கு ஒரு கவலை. முதல் புருசனின் பிள்ளைகள் இரண்டும் என்ன ஆவது? கல்வினிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கோ என்று அவரிடம் சொல்லியும் பார்த்தார்கள். அவர் வாய் திறந்து கேட்கவில்லை. பிள்ளைகளின் கவலையே மனைவியை உள்ளுக்குள் அரிக்கும் என்று பயந்த கல்வின், சாவுக்கு மூன்று நாள் முன்னராகத் தானாகவே போய், அவர்களை என் பிள்ளைகளாகப் பார்ப்பேன் என்று வாக்குக் கொடுத்தார். இடலெட் அவர்களை ஏற்கெனவே கடவுளிடம் ஒப்படைத்துவிட்டதாகச் சொன்னார். அதனால் என் கடமை தீர்ந்துவிடாதே என்று கல்வின் சொல்ல, கடவுளிடம் விட்டதை நீங்கள் கைவிட மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும் என்கிற மாதிரிப் பதில் கொடுத்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் எவ்வளவு விளங்கி வைத்திருந்தார்கள் என்று பாருங்கள். கேட்க வேண்டியதை அவர் கேட்கவில்லை, இவர் கேளாமலே கொடுத்தார்.

மார்ச் 29ஆந் திகதி பின்னேரம் ஆறு மணிபோல ஒரு போதகர் வந்து பேசினார். பலவீனமான குரலில் நம்பிக்கையோடு சில வார்த்தை சொன்னார். ஏழு மணிக்குக் கல்வின் பக்கத்தில் இருந்து, சேர்ந்து வாழ்ந்த வாழ்க்கையைப் பற்றியும் இனிப் போகிற இடத்தைப் பற்றியும் பேசிச் செபித்தார். எட்டு மணிக்கு முன்னரே உயிர் பிரிந்தது. பக்கத்தில் நின்றவர்களுக்கே எப்போது போனது என்று தெரியாத மாதிரி அமைதியான சாவு. வயது நாற்பதை ஒட்டி. சேர்ந்து வாழ்ந்தது ஒன்பது வருசத்துக்கும் குறைவு.

கல்வின் அடுத்த நாட்களிலும் வேலைக்குப் போனார். துக்கத்தில் அமிழ்ந்து போகாமல் இருக்கத் தன்னைக் கட்டாயப்படுத்துகிறேன் என்று விரேக்கும் பாரெலுக்கும் எழுதினார். நாடுகடத்தல் வந்தாலும் வறுமை வந்தாலும் தன்னோடு வந்து, செத்தாலும் சேர்ந்து செத்திருக்கக்கூடிய துணை என்பதே அந்தக் கடிதத்தின் சாரம். அவர் ஆசைக்காக எழுதிய வார்த்தை இல்லை அது. நாடுகடத்தலும் வறுமையும் இடலெட்டுக்கு ஏற்கெனவே பரிச்சயமானவை. அடுத்த வருசம், 1550இல், தான் எழுதிய ஒரு வேத விளக்க நூலைத் தெக்ஸ்தோர் வைத்தியருக்குச் சமர்ப்பித்தார். மனைவியைப் பார்த்ததுக்கு நன்றி. அரசர்களுக்கும் பிரபுக்களுக்கும் நூல் சமர்ப்பித்த மனிதர் அவர்.

அவர் திரும்பக் கலியாணம் செய்யவில்லை. பதினைந்து வருசம் தனியே இருந்து 1564 மே 27ஆந் திகதி செத்தார். கல்லறைக்குக் கல்லும் வேண்டாம் என்றவர்.

யூடித் 1554இல் கலியாணம் முடித்தாள். 1562இல் அவள் கற்பு நெறி தவறியதாக வழக்கு வந்து ஊரெல்லாம் கதையானது. ஊர் ஒழுக்கத்துக்கு அத்தனை கண்டிப்பு வைத்த மனிதரின் வீட்டிலேயே நடந்ததால் கல்வின் வெட்கம் தாங்காமல் சில நாள் ஊரை விட்டு வெளியே போய் இருந்தார். இதை எழுதலாமோ விடலாமோ என்று யோசித்தேன். மகளின் பக்க நியாயத்தை அக்காலத்தில் யாரும் எழுதி வைக்கவில்லை. தகப்பனைக் கொள்ளைநோயில் இழந்து, வேறு ஊர், வேறு வீடு என்று வளர்ந்து, பதின்ம வயதில் தாயையும் இழந்த பெட்டை அவள். எங்கட பிள்ளைகளில் யாராவது தடுக்கி விழும்போது ஊர்வாய் முதலில் எதைப் பேசும் என்று எல்லாருக்கும் தெரியும்.

அடுத்த முறை ஜெனீவாவுக்கு ஊர்வலத்துக்குப் போகிறவர்கள், நேரம் கிடைத்தால் பழைய நகரத்துக்கு ஏறிப் பாருங்கள். பஸ்தியோன் பூங்காவிலிருந்து மேலே பத்து நிமிச நடைதான். கனன்கள் வீதிக்கு இப்போது ஜோன் கல்வின் வீதி என்று பெயர். 11ஆம் இலக்கத்தில் சுவரில் ஒரு பலகை இருக்கிறது. இடலெட் இருந்த பழைய வீடு இடிக்கப்பட்டு 1706இல் அதே இடத்தில் வேறு வீடு கட்டினார்கள். பலகையில் கல்வினுடைய பெயர்தான் இருக்கும். பிள்ளைகளோடு போனால் மற்றப் பெயரையும் சொல்லிக்கொடுங்கள்.